கைகள் ஓய்ந்தன, தாளம் ஓயவில்லை

ஒரு பாட்டைக் கேட்டவுடன் பாடியவர் யார் என்று கேட்கிறோம். இசையமைத்தவர் யார் என்றும் கேட்கிறோம். தாளம் வாசித்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அவ்வாறு கேட்கப்படாமலே போகும் கலைஞர்களுள் ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் கிளைவ் பர். இங்கிலாந்தின் 'அயர்ன் மெய்டன்' என்ற மெட்டல் இசைக்குழுவில் 1979 முதல் 1982 வரை டிரம் வாசித்தவர்.

இரைச்சலுக்குள் ஒரு கணக்கு

'ஹெவி மெட்டல்' என்பது 1960களின் இறுதியில் ராக் இசையிலிருந்து கிளைத்த ஒரு வகை. மின்கிதார்களின் உறுமலும், உரத்த குரலும், விரைந்த தாளமும் அதன் அடையாளங்கள். முதன்முறை கேட்பவர்க்கு அது வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கைக் காப்பவரே டிரம் கலைஞர்.

மிருதங்கம் வாசிப்பவருக்கு இரு கைகளே கருவி. டிரம் வாசிப்பவருக்கோ கால்களும் வேண்டும். வலக்கால் மிதியை அழுத்த, தரையில் நிற்கும் பெரிய 'பேஸ் டிரம்' முழங்குகிறது. இடக்கால் 'ஹை-ஹாட்' எனப்படும் இரட்டைத் தட்டுகளைத் திறந்து மூடுகிறது. கைகளில் உள்ள குச்சிகள் மற்ற டிரம்கள்மீதும் வெண்கலத் தட்டுகள்மீதும் மாறி மாறி விழுகின்றன. நான்கு உறுப்புகளும் நான்கு வேலைகளைச் செய்ய, மனம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று தட்டுகள், மூன்று ஆண்டுகள்

கிளைவ் பர் 1957ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கிழக்கு லண்டனைச் சேர்ந்த ஈஸ்ட் ஹாம் பகுதியில் பிறந்தார். 'சாம்சன்' என்ற குழுவில் வாசித்தபின், 1979இன் இறுதியில் அயர்ன் மெய்டனில் சேர்ந்தார். 1975இல் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய அக்குழுவில் அதற்கு முன்பே பல டிரம் கலைஞர்கள் வந்து போயிருந்தனர்.

ஹாரிஸ் பேஸ் கிதார் வாசிப்பவர். அவர் விரல்களில் பிறக்கும் இசை, குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுவதைப் போன்றது. அந்த ஓட்டத்தோடு போட்டியிட்டு, எல்லா இடத்தையும் ஓசையால் நிரப்பிவிடுவது எளிது. பர் அப்படிச் செய்யவில்லை. ஓடவேண்டிய இடத்தில் உடன் ஓடினார். விடவேண்டிய இடத்தில் இடம் விட்டார். பாட்டின் ஒரு பகுதி முடிந்து மற்றொன்று தொடங்கும் சந்தியில் விரைந்த உருட்டல்களால் இரண்டையும் இணைத்தார். வேகத்திற்குள் தெளிவு என்பதே குழுவுக்கு அவர் தந்த கொடை எனலாம்.

1980, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளிலும் ஒலிப்பது அவர் கைகளே. மூன்றாவதான 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அத்தட்டிலுள்ள 'ரன் டு தி ஹில்ஸ்' என்ற பாடலின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது குரலன்று, கிதாரும் அன்று. பர் வாசிக்கும் டிரம்.

பிரிவும் பிணியும்

1982 டிசம்பரில் பர் குழுவை விட்டுப் பிரிந்தார். அப்பிரிவு அவருக்கு வேதனை தந்தது. அவர் இடத்திற்கு நிக்கோ மெக்பிரெய்ன் வந்தார். பர் வேறு குழுக்களில் வாசித்து வந்தார்.

பின்னர் அவரைத் தண்டுவட மரப்பு நோய் பற்றியது. ஆங்கில மருத்துவத்தில் இதனை 'மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்' என்பர். மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல், நம் நரம்பிழைகளின்மேலும் 'மயலின்' என்ற உறை உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தவறுதலாக மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பதே இந்நோய். மூளை இடும் கட்டளை கைகால்களுக்குச் செவ்வனே போய்ச் சேர்வதில்லை. யாருக்கும் இது கொடுமைதான். நான்கு உறுப்புகளாலும் வாழ்ந்த கலைஞனுக்கோ இதனினும் பெரிய கொடுமை வேறென்ன? பர் சக்கர நாற்காலியை நாட வேண்டியதாயிற்று.

கடன் தீர்த்த பாடல்

பிரிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆனபின் பழைய தோழர்கள் அவரை நினைத்தார்கள். 2002 மார்ச்சில் லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் மூன்று இரவுகள் அவருக்காகக் கச்சேரி நடத்தினார்கள். அவர் பெயரில் ஓர் உதவி நிதி அமைந்தது. அந்நிதிக்காக ஒரு பாடலை மறுபடியும் வெளியிட்டார்கள். எந்தப் பாடல் தெரியுமா? 'ரன் டு தி ஹில்ஸ்'. குச்சி பிடிக்க இயலாத கைகளுக்கு, அக்கைகள் முன்பு வாசித்த பாடலே சோறு போட வந்தது.

2013ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், 56ஆம் வயதில் பர் மறைந்தார். அக்குழுவில் அவர் இருந்தது மூன்று ஆண்டுகளே. ஆயினும் அவருக்குப் பின் வந்தவர் பல்லாண்டுகள் மேடைதோறும் அப்பாடலைத் தொடங்கியபோதெல்லாம், பர் வகுத்த தாளத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஒருவன் எத்தனை காலம் இருந்தான் என்பதைவிட, அவன் வைத்துப் போனதன்மேல் மற்றவர் நிற்க முடிகிறதா என்பதே பெரிது.

அடுத்தமுறை ஒரு பாட்டைக் கேட்கும்போது, தாளம் யாருடையது என்றும் கேட்போமாக.