நீண்ட அறிக்கைக்கேற்ற பக்க அமைப்புச் செயலி

துண்டறிக்கைக்கு அழகு போதும். நூறு பக்க ஆண்டறிக்கைக்கு ஒழுங்கும் வேண்டும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர் சேமிப்பால் வளர்ந்தது. அத்தகைய அமைப்புகளின் உறுப்பினர் தம் பணத்தின் நிலையை அறிவது ஆண்டறிக்கையால்தான். ஆகவே பிரிக்பீல்ட்ஸிலாயினும் கிள்ளானிலாயினும் தமிழில் அறிக்கை அச்சிடுவோர் மூன்றை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, எழுத்துக் குறியீடு. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் இறுதிவரை ஒருங்குறியை ஏற்கவில்லை. அதில் அமைத்த தமிழ், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கொண்டு ஒருங்குறியில் தட்டெழுதினால் இவ்விடர் இல்லை.

இரண்டாவது, எழுத்தின் வடிவம். ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகப் பதிவாகும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது செயலியின் கடமை. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இதனை இயல்பாகவே செய்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தியமைப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையேல் கொம்பு இடம் மாறும்.

மூன்றாவது, பொருளடக்கம். தலைப்புகளுக்குப் பாணி வகுத்துவிட்டால், கணக்கு அட்டவணை நீண்டு பக்கம் கூடினும் ஒரே கட்டளையில் பக்க எண்கள் திருந்தும். இவ்விரு செயலிகளும் இதற்கு உதவும். படங்கள் மிகுந்த அறிக்கைக்கு இன்டிசைன் ஏற்றது; கணக்கும் உரையுமே மிகுந்ததற்கு ரைட்டர் போதும்.

எதனை ஏற்குமுன்னும் மூன்று தலைப்பும் ஓர் அட்டவணையும் இட்டுச் சோதித்தல் நன்று. பங்குதாரர் தம் கணக்கைத் தேடி அலையாதிருப்பதே நல்ல அறிக்கையின் இலக்கணம்.