கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து பெர்க்லி பட்டம்: கலிபோர்னியாவின் சிக்கன ரூட்டில் சிக்கல் எங்கே?

பள்ளி மதிப்பெண் சுமார், வீட்டில் பணமும் இல்லை. ஆனாலும் நாலு வருஷத்தில் பெர்க்லி பட்டம் வாங்க முடியுமா? கலிபோர்னியாவில் வழி இருக்கிறது.

1960-ல் போட்ட மாஸ்டர் பிளான்படி அந்த மாநிலத்தின் அரசு உயர்கல்வி மூன்று அடுக்கு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கேம்பஸ்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யூசி. அடுத்து கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி. மூன்றாவது, 116 கம்யூனிட்டி காலேஜ்கள். இங்கே சேர கட்-ஆஃப் கிடையாது. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட் என்றால் 2,760 டாலர்தான். முடித்துவிட்டு யூசியில் நேரே மூன்றாம் ஆண்டு. பட்டத்தில் யூசி பெயர்தான் இருக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எங்கே தடுக்குகிறது?

எந்த 60 யூனிட் என்பதில்தான். கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடம், போகப்போகிற கேம்பஸின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று முன்பே ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு கேம்பஸ் கேட்கும் பாடத்தை இன்னொன்று கேட்காது. இயற்பியல் போன்ற தொடர் பாடங்களில், சில இடங்களில் முழு வரிசையையும் முடித்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். பாதியில் காலேஜ் மாறினால் போச்சு. கூடுதலாக ஒரு வருஷம் போவது இப்படித்தான். ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் காலேஜ், கேம்பஸ், மேஜர் மூன்றையும் கொடுத்தால் பட்டியல் வரும். அதை முதல் செமஸ்டரிலேயே பார்க்க வேண்டும். கடைசி வருஷத்தில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

சீட்டுக்கு உத்தரவாதம் உண்டா? பாதி உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி கேம்பஸ்கள் ‘டேக்’ என்ற ஒப்பந்தம் தருகின்றன. ஏதாவது ஒன்றுக்கு மட்டும், செப்டம்பரில் விண்ணப்பிக்கலாம். எல்லோரும் ஆசைப்படும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ இந்தப் பட்டியலில் இல்லை. மாநிலவாசிகளுக்கு யூசி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4. அதை நம்பி இந்த மூன்றுக்கு விண்ணப்பிப்பது லாட்டரி மாதிரி. ஸ்டேட் யுனிவர்சிட்டியில் அதற்கென உள்ள அசோசியேட் பட்டம் முடித்தால் இடம் உறுதி. ஆனால் எந்த கேம்பஸ் என்பது உறுதியில்லை.

ஸ்டூடண்ட் விசாவில் இங்கிருந்து போகிறவர்களுக்கு அந்த 46 டாலர் கணக்கு செல்லாது. வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் பல மடங்கு. யூசி கேட்கும் ஜிபிஏவும் 2.8. யூசிக்குள் போன பிறகும் அதே கூடுதல் கட்டணம் தொடரும். ‘ரெண்டு வருஷம் மிச்சம்’ என்று ஏஜென்ட் சொன்னால், மிச்சம் எவ்வளவு டாலர் என்று எழுதி வாங்கிப் பாருங்கள்.