கழற்றி வைத்த நகல்

டீ வருவதற்குள் ஒரு கேள்வி கேட்கிறேன். நாளைக் காலை ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். டேலி திறக்கவில்லை, பில் எதுவும் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள். பணம் கட்டினால் திறந்து தருவதாக ஒரு மிரட்டல் குறிப்பு மட்டும் திரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கணக்கின் இன்னொரு நகல் எங்கே இருக்கும்?

நாமக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் நண்பரிடம் இதைக் கேட்டேன். "ஏனுங்க, நம்மகிட்ட என்ன இருக்குதுன்னு அவன் வர்றான்?" என்றார். அவனுக்கு உங்கள் கணக்கால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அது இல்லாமல் உங்களுக்கு ஒரு நாளும் ஓடாது, அதை வைத்துத்தான் அவன் விலை பேசுகிறான். உங்கள் கதவுக்குப் புதுப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்குப் பணம் கேட்பதுதான் ரான்சம்வேர். ஆள் பெரியவரா சிறியவரா என்று பார்த்து வருவதும் இல்லை. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகளை முடக்கியவர்கள் கேட்டது 1,950 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்கூட இல்லை. அந்தத் தொகையை நம் ஊரில் எந்தக் கடையிடமும் கேட்கலாம்.

நம் பக்கத்துத் தொழில்களுக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று உண்டு. இங்கே எல்லாம் கடனில் ஓடுகிறது. ஆத்தூர் சேகோ ஃபேக்டரி, பள்ளிபாளையம் தறி, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, லாரி வாடகை எதை எடுத்தாலும் சரக்கு முன்னே போகும், பணம் பின்னே வரும். விற்பனை விவரங்களை ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஓரளவு திரும்ப எடுக்கலாம். ஓட்டோடு விற்கும் முட்டைக்கு ஜிஎஸ்டியே இல்லை என்பதால் முட்டை வியாபாரிக்கு அந்த வழியும் பெரிதாக உதவாது. யார் எவ்வளவு பாக்கி, எந்த டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதெல்லாம் எந்த அரசுத் தளத்திலும் கிடையாது. ஆடிட்டரிடம் இருப்பதோ கடைசியாக அனுப்பிய தேதியோடு நின்றுவிட்ட கணக்கு.

பெரிய இடத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் ரிப்போர்ட் வரை நாள் கணக்கில் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே வழிவிட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் இ-ஹாஸ்பிடல் தரவு திரும்பக் கிடைத்தது.

இன்னொரு சம்பவம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் நின்றுபோனது. எந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம் என்ற பதிவை வைத்திருந்த அவர்களுடைய சர்வர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நகலாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! அந்த ஒன்றிலிருந்துதான் மறுபடி கட்டி எழுப்பினார்கள். நாட்பெட்யாவுக்குப் பணம் கட்டினாலும் பூட்டைத் திறக்க வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கும் பென் டிரைவ் பேக்கப் ஆகாது. கம்ப்யூட்டர் பூட்டப்படும்போது அதுவும் பூட்டப்படும். கூகுள் டிரைவ் தானாகவே நகல் எடுக்கிறது என்றால், பூட்டப்பட்ட ஃபைலையும் அப்படியே மேலே ஏற்றிவிடும். பழைய வடிவம் சில நாள்களுக்குத்தான் கிடைக்கும். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். சாயங்காலம் கணக்கு முடித்ததும் ஒன்றில் பேக்கப் எடுத்துக் கழற்றிவிடுங்கள். மற்றொன்று வீட்டு பீரோவில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில் அந்தப் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, பாக்கிப் பட்டியலின் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். பலரும் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே சொல்ல மாட்டேன்.

நுழையும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாஃப்ட்வேர் சரிசெய்பவர் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குவதற்காக எனிடெஸ்க்கை எந்நேரமும் திறந்து வைப்பது, எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, கிராக் செய்த சாஃப்ட்வேர், தெரியாத மெயிலில் வரும் 'இன்வாய்ஸ்', அப்டேட் போடாத விண்டோஸ். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

மீறி வந்துவிட்டால், முதலில் லேன் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். திரையை போனில் படம் எடுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கை அதே கம்ப்யூட்டரில் சொருகிவிடாதீர்கள்; இருக்கும் ஒரே நல்ல நகலும் போய்விடும். யாரையும் உடனே ஃபார்மேட் அடிக்கவும் விடாதீர்கள். சில வகைப் பூட்டுகளுக்கு 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

இந்தச் சனிக்கிழமை, கணக்கு எழுதுபவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன வாரப் பேக்கப்பை உங்கள் கண்முன்னே ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். வரவில்லை என்றால், அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள்.