படகுக் கருவிகள் பேசுவதைக் கணினி கேட்பது எப்படி?



கடலில் போகும் ஒரு படகுக்குள் மடிக்கணினி இருக்கிறது. அதன் திரையில் கடல் வரைபடம் தெரிகிறது. வரைபடத்தில் ஒரு குட்டிப் படகு நகர்கிறது. பக்கத்தில் ஆழம், வேகம், காற்றின் திசை எல்லாம் எண்களாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

“இதெல்லாம் கணினிக்கு யார் சொன்னார்கள்?” என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! மிக நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்று விடை தேடப் போகிறோம்.

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. கடலைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. படகில் உள்ள கருவிகள் சொல்லச் சொல்லத்தான் அது தெரிந்துகொள்கிறது. முதலில் அந்தக் கருவிகளைப் பார்த்துவிடுவோம்.

பாய்மரத்தின் உச்சியில் காற்றை அளக்கும் கருவி இருக்கும். அதில் சுழலும் சிறு கிண்ணங்கள் காற்றின் வேகத்தைச் சொல்லும். கூடவே உள்ள தகடு திசையைச் சொல்லும்.

படகின் அடிப்பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். படகு நகரும்போது தண்ணீர் அதைச் சுழற்றும். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, தண்ணீரில் படகு அவ்வளவு வேகமாகப் போகிறது என்று பொருள்.

அடிப்பக்கத்திலேயே ஆழம் அளக்கும் கருவியும் இருக்கும். அது கீழ்நோக்கி ஓர் ஒலியை அனுப்பும். ஒலி கடலின் தரையில் மோதித் திரும்பி வரும். கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும். போய் வர 0.02 நொடி ஆனால், மொத்தத் தூரம் 30 மீட்டர். அதில் பாதிதான் ஆழம். ஆக, 15 மீட்டர். கணக்கு சரிதானே?

இவை தவிர, வானில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். இருக்கும். படகின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் மின்னணுத் திசைகாட்டியும் இருக்கும்.

இப்போது ஒரு சிக்கல். ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு நிறுவனம் செய்கிறது. ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரிய வேண்டாமா? அதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பேச்சு முறை வேண்டும்.

அமெரிக்காவில் கடல் மின்னணுக் கருவிகளுக்கென ஒரு தேசியச் சங்கம் உண்டு. சுருக்கமாக என்.எம்.இ.ஏ. என்பார்கள். அந்தச் சங்கம் 1983-இல் ஒரு பேச்சு முறையை வகுத்தது. அதன் பெயர் என்.எம்.இ.ஏ. 0183. இன்றும் ஏராளமான படகுகளில் அது வேலை செய்கிறது.

அந்த முறையில் கருவி சொல்லும் ஒரு செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான். வரி வழக்கமாக $ குறியுடன் தொடங்கும். அடுத்த இரண்டு எழுத்துகள், பேசுவது யார் என்று சொல்லும். ஜி.பி. என்றால் ஜி.பி.எஸ். கருவி. எஸ்.டி. என்றால் ஆழம் அளக்கும் கருவி. அதற்கடுத்த மூன்று எழுத்துகள், எதைப் பற்றிய செய்தி என்று சொல்லும். டி.பி.டி. என்று வந்தால் அது ஆழச் செய்தி.

பிறகு காற்புள்ளி போட்டுப் போட்டு எண்கள் வரும். ஆழச் செய்தியில் 12.4 என்றும், அடுத்து 0.5 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். கருவிக்குக் கீழே 12.4 மீட்டர் தண்ணீர் இருக்கிறது. கருவியோ நீர்மட்டத்துக்கு 0.5 மீட்டர் கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் கடலின் மொத்த ஆழம் எவ்வளவு? இரண்டையும் கூட்டுங்கள். 12.9 மீட்டர்!

எண்கள் முடிந்ததும் ஒரு நட்சத்திரக் குறி வரும். அதன் பின்னால் இரண்டு எழுத்துகளில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். இது எதற்கு? வழியில் செய்தி கெட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்கு. அது எப்படி என்று நாமே செய்து பார்ப்போம். நோட்டை எடுங்கள்.

கணினிக்கு ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஓர் எண். எஸ் என்பது 83. டி என்பது 68. இவற்றை 0, 1 மட்டும் வைத்து எழுதினால்,

எஸ்: 1010011
டி: 1000100

மேலும் கீழும் ஒரே இலக்கமாக இருந்தால் 0 போடுங்கள். வேறு வேறாக இருந்தால் 1 போடுங்கள். 0010111 வருகிறதா? அது 23. இதை அடுத்த எழுத்தோடு இப்படியே சேர்க்க வேண்டும். வருவதை அதற்கடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கு முன்னால் உள்ள கடைசி எழுத்துவரை போனால் சரிபார்ப்பு எண் கிடைத்துவிடும்.

வழியில் ஏதோ இடையூறு வந்து, டி என்ற எழுத்து 69 என்ற எண்ணுள்ள இ ஆகிவிட்டது என்று வையுங்கள். 69 என்பது 1000101. இப்போது எஸ் எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். 23 வராது, 22 வரும். கணினியும் இதே கணக்கைப் போடும். தான் கண்ட விடையும் கருவி அனுப்பிய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியை நம்பாது. தவறான ஆழத்தைக் காட்டுவதைவிட, அடுத்த வரிக்குக் காத்திருப்பது நல்லது அல்லவா?

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் கூச்சப்படாமல் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நமக்கு அவசரமில்லை.

இனி கம்பிக்கு வருவோம். உங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசுவார். மற்ற எல்லாரும் கேட்பார்கள். என்.எம்.இ.ஏ. 0183 கம்பியும் அப்படித்தான். ஒரு கம்பி இணைப்பில் பேசுவது ஒரே ஒரு கருவி. கேட்பவை பல இருக்கலாம். இரண்டு கருவிகளின் பேச்சுக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்றுமே விளங்காது.

அப்படியானால் ஐந்து கருவிகளையும் கணினி கேட்பது எப்படி? நடுவில் மல்டிபிளெக்சர் என்ற சிறு பெட்டியை வைப்பார்கள். ஒவ்வொரு கருவியும் அதன் தனித்தனி வாசலில் பேசும். பெட்டி எல்லா வரிகளையும் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும்.

பேசும் வேகமும் கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரணமாக இந்தக் கம்பியில் நொடிக்கு 4800 பிட் போகும். பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1. ஓர் எழுத்தை அனுப்ப 10 பிட் வேண்டும். ஆக, நொடிக்கு 480 எழுத்துகள். ஒரு வரியில் அதிகபட்சம் 82 எழுத்துகள் இருக்கலாம். அவ்வளவு நீளமான வரிகள் நொடிக்கு ஆறுகூடப் போக முடியாது. பக்கத்துக் கப்பல்களின் பெயரையும் இடத்தையும் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவிக்கு இந்த வேகம் போதாது. அதற்கு நொடிக்கு 38,400 பிட். கணினியில் வேகத்தைத் தவறாக அமைத்தால் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள்தான் கொட்டும்.

கணினியைப் பாதுகாக்கவும் வேண்டும். படகின் மின்சாரம் ஒரு வழி, கணினியின் மின்சாரம் இன்னொரு வழி. இரண்டும் கண்டபடி கலந்தால் கருவி கெடலாம். அதனால் சில பெட்டிகளுக்குள் ஓர் அழகான வேலை செய்திருக்கிறார்கள். கம்பி அங்கே அறுந்திருக்கும். ஒரு பக்கம் சின்னஞ்சிறு விளக்கு. மறுபக்கம் ஒளியை உணரும் பொருள். செய்திக்கு ஏற்ப விளக்கு எரிந்து அணையும். மறுபக்கம் அதைப் பார்த்து மீண்டும் மின்துடிப்பாக மாற்றும். செய்தி ஒளியாகத் தாண்டிவிடும். மின்சாரம் தாண்டாது!

படகில் கருவிகள் பெருகியபோது இன்னொரு முறை வந்தது. அதன் பெயர் என்.எம்.இ.ஏ. 2000. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையே இதற்கு அடிப்படை. படகின் நீளத்துக்கு ஒரு முதன்மைக் கம்பி ஓடும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு கிளைக் கம்பி வந்து அதில் சேரும். கிளை 6 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. வேகம் நொடிக்கு 2,50,000 பிட்.

முதன்மைக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். அது இல்லாவிட்டால் மின்துடிப்பு கம்பியின் முனையில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வரும் செய்தியைக் குழப்பும். படகில் கோளாறு வந்தால் பழுதுபார்ப்பவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதன்மைக் கம்பிக்குள் உள்ள செய்திக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளப்பார். மின்சாரத்துக்கு இரண்டு வழிகள் இருந்தால் தடை பாதியாகும்; ஆகவே 60 ஓம் காட்டினால் இரண்டு மின்தடைகளும் இருக்கின்றன. 120 காட்டினால் ஒன்றைக் காணோம்!

இங்கே எல்லாக் கருவிகளும் ஒரே கம்பியில் பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் தொடங்கினால்? ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் ஓர் எண் உண்டு. ஒரு கருவியின் எண் 011 என்றும், மற்றதன் எண் 101 என்றும் வையுங்கள். முதல் இலக்கத்தில் ஒன்று 0 சொல்கிறது, மற்றது 1 சொல்கிறது. இந்தக் கம்பியில் 0 சொன்னால் 0தான் நிற்கும். 1 சொன்ன கருவி, “நான் 1 சொன்னேன், கம்பியில் 0 இருக்கிறதே” என்று கவனித்து உடனே நிறுத்திக்கொள்ளும். 0 சொன்ன கருவி தடையில்லாமல் பேசி முடிக்கும். மற்றது பிறகு பேசும். ஒரு பிட்கூட வீணாகாது. அவசரச் செய்திகளுக்குச் சிறிய எண் கொடுப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

இந்தக் கம்பியைக் கணினியோடு நேராக இணைக்க முடியாது. நடுவில் கேட்வே என்ற மாற்றிப் பெட்டி வேண்டும். ஒரு பக்கம் படகின் கம்பி, மறுபக்கம் யு.எஸ்.பி. ஓப்பன்சி.பி.என். போன்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுவிட்டால் செய்திகள் வரைபடமாக விரியும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கணினியால் பேசவும் முடியும். படகைத் தானாகத் திருப்பும் கருவிக்கு அது கட்டளை அனுப்பலாம். அதனால்தான் கருத்துள்ள மாலுமிகள் முதலில் கணினியைக் கேட்க மட்டும் விடுவார்கள். அது சரியாகக் கேட்கிறது என்று உறுதியான பிறகே பேச விடுவார்கள்.

கேட்பதால் என்ன லாபம்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அடிப்பக்கத்துச் சக்கரம், “தண்ணீரில் 5 நாட் வேகம்” என்கிறது. ஜி.பி.எஸ்., “பூமியின் மேல் 7 நாட் வேகம்” என்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். படகு நேராகத்தான் போகிறது. இரண்டில் எது பொய்? எதுவும் இல்லை. தண்ணீரே 2 நாட் வேகத்தில் படகைச் சுமந்துகொண்டு ஓடுகிறது! இந்த நீரோட்டத்தைச் சக்கரத்தால் தனியாகச் சொல்ல முடியாது. ஜி.பி.எஸ்ஸாலும் முடியாது. இரண்டையும் கேட்ட கணினி சொல்லிவிடுகிறது. வேறு வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒரே பேச்சு முறைக்கு ஒத்துக்கொண்டதால் கிடைத்த அறிவு இது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. நீரோட்டமே இல்லாத கடல். படகு 6 நாட் வேகத்தில், காற்று வீசும் திசையிலேயே போகிறது. பாய்மர உச்சியில் உள்ள கருவி, பின்னாலிருந்து 4 நாட் காற்று வருவதாகச் சொல்கிறது. படகை நிறுத்திவிட்டால் அதே கருவி எவ்வளவு காட்டும்? அதே காற்றை எதிர்த்து 6 நாட் வேகத்தில் போனால் எவ்வளவு காட்டும்? விடை கண்டதும், அது எப்படி வந்தது என்று ஒரு நண்பருக்குச் சொல்லிக்கொடுங்கள்.