ஆபீஸ் போக பெரிய எஸ்யூவி தேவையா? புக்கிங் அமௌண்ட் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு, சம்பளம் கொஞ்சம் நல்லா வர ஆரம்பிச்சிருக்கு. இப்ப முதல் கார் வாங்கணும். ஷோரூமுக்குப் போறப்ப மனசுல இருந்தது ஒரு ஹேட்ச்பேக். வெளியே வர்றப்ப கையில இருக்கிறது 18 லட்ச ரூபாய் எஸ்யூவியோட கோட்டேஷன். "இஎம்ஐ மாசம் 29,000 தான் சார், 7 வருஷம் போட்டுக்கலாம்"னு சேல்ஸ்மேன் சொன்னதும் அது முடியக்கூடிய விஷயமாத் தெரியுது.

இது உங்க ஒருத்தரோட கதை இல்லை. 2024-25 நிதியாண்டுல இந்தியாவுல விற்பனையான பயணிகள் வாகனங்கள்ல சுமார் 65 சதவீதம் யூட்டிலிட்டி வாகனங்கள், அதாவது எஸ்யூவி, எம்பிவி வகைகள். "என் காசு, எனக்குப் பிடிச்ச வண்டி"ன்னு ஒரு பக்கம். "ஒரு ஆள் ஆபீஸ் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?"ன்னு இன்னொரு பக்கம். இந்த விவாதம் முடியப் போறதில்லை. ஆனா ரெண்டு பக்கமும் பேசாத ஒண்ணு இருக்கு: வண்டியோட சைஸுக்கு நாம மாசாமாசம் எவ்வளவு கொடுக்கிறோம்? அந்தக் கணக்கைத்தான் இந்தப் பதிவுல போடப் போறோம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம். இங்க பெரிய எஸ்யூவின்னு சொல்றது சுமார் நாலரை மீட்டர் நீளத்துக்கு மேல இருக்கிற ஹாரியர், எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ-என் மாதிரி வண்டிகளை. 4 மீட்டருக்குள்ள வர்ற பஞ்ச், வென்யூ மாதிரி வண்டிகளை இல்லை.

முதல் செலவு: வரி

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறினதும் "எஸ்யூவி விலை லட்சக்கணக்குல குறைஞ்சிடுச்சு"ன்னு எல்லாரும் பேசினாங்க. குறைஞ்சது உண்மை. பெரிய எஸ்யூவிக்கு செஸ்ஸோட சேர்த்து 50 சதவீதமா இருந்த வரி 40 ஆச்சு. ஆனா 4 மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கிற சின்ன பெட்ரோல் காருக்கு 29-ல இருந்து 18 ஆச்சு. முன்னாடி ரெண்டுக்கும் இடையில இருந்த இடைவெளி 21 புள்ளி. இப்ப 22. அதாவது பெரிய வண்டி வாங்கினா கூடுதலா வரி கட்டணும்ங்கிறது கொஞ்சமும் மாறலை.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5 லட்சம் முதல் 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம்.

இப்ப ரெண்டு வண்டியை எடுத்துக்குவோம். ஒண்ணு 7 லட்ச ரூபாய் ஹேட்ச்பேக், இன்னொண்ணு 18 லட்ச ரூபாய் எஸ்யூவி. ரெண்டும் எக்ஸ்-ஷோரூம் விலை.

ஹேட்ச்பேக் விலைக்குள்ள இருக்கிற ஜிஎஸ்டி சுமார் 1.07 லட்சம், சாலை வரி 91,000. மொத்தம் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எஸ்யூவி விலைக்குள்ள இருக்கிற ஜிஎஸ்டி சுமார் 5.14 லட்சம், சாலை வரி 3.24 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 8.4 லட்சம்.

பாருங்க, எஸ்யூவிக்கு நீங்க கட்டுற வரியிலேயே ஒரு ஹேட்ச்பேக்கை ஆன்-ரோடு எடுத்துடலாம்!

(சின்ன டிப்: 10 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது உங்க வரியில கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். மறந்துடாதீங்க.)

ரெண்டாவது செலவு: மாசாமாசம்

இன்சூரன்ஸ் சேர்த்தா ஹேட்ச்பேக் ஆன்-ரோடு சுமார் 8.3 லட்சம், எஸ்யூவி சுமார் 22.1 லட்சம். ரெண்டுக்கும் 20 சதவீதம் முன்பணம், 9.5 சதவீத வட்டி. ஹேட்ச்பேக்குக்கு 5 வருஷம், எஸ்யூவிக்கு நிறைய பேர் எடுக்கிற மாதிரி 7 வருஷம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சிட்டி டிராஃபிக்ல மைலேஜ் 15, எஸ்யூவிக்கு 10. இன்சூரன்ஸ், சர்வீஸ் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க கையில இருக்கிற கோட்டேஷன் எண்களை வச்சு மாத்திக்கோங்க.

ஹேட்ச்பேக், மாசத்துக்கு:
- இஎம்ஐ: 13,900
- பெட்ரோல்: 6,700
- இன்சூரன்ஸ்: 1,700
- சர்வீஸ், டயர்: 1,000
- மொத்தம்: 23,300

எஸ்யூவி, மாசத்துக்கு:
- இஎம்ஐ: 28,900
- பெட்ரோல்: 10,000
- இன்சூரன்ஸ்: 3,800
- சர்வீஸ், டயர்: 2,500
- மொத்தம்: 45,200

சேல்ஸ்மேன் சொன்னது 29,000. நிஜத்துல போறது 45,000. கைக்கு 1 லட்சம் சம்பளம் வர்ற ஒருத்தருக்கு இது கிட்டத்தட்ட பாதி சம்பளம். வீட்டு வாடகை, அப்பா அம்மாவுக்கு அனுப்புற பணம், தங்கச்சி கல்யாணச் சேமிப்பு எல்லாம் மிச்சம் இருக்கிற பாதியில இருந்துதான் வரணும்.

வித்தியாசம் மாசம் 21,900. அதுல 20,000 மட்டும் 7 வருஷம் எஸ்ஐபி போட்டீங்கன்னா நீங்க கட்டுறது 16.8 லட்சம். வருஷத்துக்கு 10 சதவீதம் கிடைக்கிறதா வச்சுக்கிட்டா கையில சுமார் 24 லட்சம். சந்தையில இதுக்கு உத்தரவாதம் இல்லை, குறையவும் செய்யலாம். "எஸ்யூவிக்கு ரீசேல் நல்லா இருக்குமே?" நியாயமான கேள்வி. 7 வருஷம் கழிச்சு ரெண்டு வண்டியும் 35 சதவீத விலைக்குப் போகுதுன்னு வச்சுக்கிட்டா எஸ்யூவிக்கு 6.3 லட்சம், ஹேட்ச்பேக்குக்கு சுமார் 2.5 லட்சம். அந்த நாலு லட்சத்தைக் கழிச்சாலும் 20 லட்சம் வித்தியாசம் நிக்குது. ஊர்ப் பக்கம் ஒரு மனை, இல்லைன்னா சென்னையில ஃபிளாட்டுக்கு முன்பணம்.

7 வருஷ லோன்ல ஒளிஞ்சிருக்கிற ஆபத்து

இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. 17.7 லட்சம் லோன்ல 3 வருஷம் ஒழுங்கா கட்டின பிறகும் பேங்குக்கு நீங்க தர வேண்டியது சுமார் 11.5 லட்சம். நாலாவது வருஷத்துல வண்டி திருடு போகுது, இல்லை சரிபண்ண முடியாத அளவுக்கு விபத்து ஆகுதுன்னு வச்சுக்குவோம். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது ஐடிவி தொகை. மூணு வருஷம் முடிஞ்ச வண்டிக்கு வழக்கமான தேய்மானம் 40 சதவீதம். 18 லட்சத்துல 40 போனா 10.8 லட்சம்.

வண்டியும் இல்லை. பேங்குக்கு இன்னும் 70,000 ரூபாய் பாக்கி. நீங்க போட்ட 4.4 லட்சம் முன்பணமும் போச்சு. இது சின்ன காருக்கும் 7 வருஷ லோன் போட்டா நடக்கும். ஆனா பெரிய வண்டியை இஎம்ஐ-க்குள்ள அடக்கணும்னுதான் பெரும்பாலும் 7 வருஷத்துக்குப் போறோம். 5 வருஷத்துல கட்ட முடியலைன்னா, அந்த வண்டி இப்போதைக்கு உங்க சம்பளத்துக்கு மேலன்னு அர்த்தம்.

"பெரிய வண்டின்னா சேஃப்டி சார்!"

இதை லேசா ஒதுக்க முடியாது. ரெண்டு வண்டி மோதினா எடை அதிகமா இருக்கிற வண்டிக்குள்ள இருக்கிறவருக்கு சாதகம்தான், அது இயற்பியல். ஆனா பாதுகாப்பு சைஸ்ல மட்டும் இல்லை. 4 மீட்டருக்குள்ள இருக்கிற மாருதி டிசையர் 2024-ல குளோபல் என்கேப் சோதனையில 5 ஸ்டார் வாங்கிச்சு. 2023 அக்டோபர்ல இருந்து நமக்குன்னு பாரத் என்கேப் இருக்கு. நீளத்தைப் பார்க்கிறதை விட ஸ்டாரைப் பாருங்க.

அடுத்து, நம்ம ரோட்டுல யார் சாகுறாங்க? 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க, 19.5 சதவீதம் நடந்து போனவங்க. மூணுல ரெண்டு பேரை விட கொஞ்சம்தான் குறைவு. இவங்களைச் சுத்தி இரும்பும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. அமெரிக்காவுல ஐஐஎச்எஸ்-ங்கிற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023-ல வெளியிட்ட ஆய்வுல, பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற வண்டிகள் நடந்து போறவங்க மேல மோதினா, உயரம் குறைஞ்சு முன்பக்கம் சரிவா இருக்கிற கார்களை விட உயிர் போற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்னு சொல்றாங்க. அமெரிக்காவோட பிக்கப், எஸ்யூவி நம்மூர் வண்டிகளை விடப் பெரிசு, அப்படியே பொருத்த முடியாது. ஆனா காரணம் ஒண்ணுதான்: தாழ்வான முன்பக்கம் காலைத் தட்டும், உயரமான முன்பக்கம் நெஞ்சையும் தலையையும் அடிக்கும்.

உங்க வண்டியோட சைஸுக்கு ரெண்டு பில் இருக்கு. ஒண்ணு உங்களுக்கு வரும். இன்னொண்ணு ஓஎம்ஆர்ல உங்க பக்கத்துல டூவீலர்ல போறவருக்கு வரும். பாரிஸ் நகரம் இந்த ரெண்டாவது பில்லை வண்டிக்காரங்க கிட்டயே கொடுத்துப் பார்க்குது. 2024 பிப்ரவரியில வாக்கெடுப்பு நடத்தி, 1.6 டன்னும் அதுக்கு மேலயும் எடையுள்ள வெளியூர் வண்டிகளுக்கு நகர மையத்துல பார்க்கிங் கட்டணத்தை மணிக்கு 18 யூரோன்னு மூணு மடங்கு ஆக்கினாங்க. எலெக்ட்ரிக் வண்டிக்கு அந்த வரம்பு 2 டன்.

மழை, மோசமான ரோடு, பார்க்கிங்

"சென்னை மழைக்கு எஸ்யூவிதான்"னு சொல்றவங்க இதைப் பாருங்க. ஸ்விஃப்ட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். பெரிய எஸ்யூவிகள் பலதுக்கு 200 பக்கம். வித்தியாசம் சுமார் நாலு சென்டிமீட்டர். பள்ளம் மேட்டுக்கு அது உதவும். ஆனா மிக்ஜாம் புயல் மாதிரி இடுப்பளவு தண்ணி நின்னா எந்த வண்டியும் தாங்காது. எந்த கார் வாங்கினாலும் இன்ஜின் ப்ரொடெக்ஷன் ஆட்-ஆன் போடுங்க. தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா சாதாரண பாலிசியில பொதுவா கிளைம் கிடைக்காது.

பார்க்கிங்குக்கு வருவோம். அபார்ட்மெண்ட்ல ஒரு கார் நிறுத்துற இடம் வழக்கமா 2.5 மீட்டர் அகலம். எக்ஸ்யூவி 700 அகலம் 1.89 மீட்டர், கண்ணாடி சேர்க்காம. நடுவுல கச்சிதமா நிறுத்தினா ரெண்டு பக்கமும் முப்பது சென்டிமீட்டர் மிச்சம். வயிறை உள்ள இழுத்துக்கிட்டுதான் இறங்கணும்!

அப்ப யாருக்குத்தான் சரி?

வீட்டுல ஆறேழு பேர் இருக்கீங்க, வாரத்துல பல நாள் ஒண்ணாப் போறீங்க. முட்டி வலி உள்ள பெரியவங்களுக்கு உயரமான சீட் ஏறி இறங்க வசதியா இருக்கு. மலைப்பாதை, கிராமத்து மண் ரோடு உங்க தினசரி வழி. இப்படி இருந்தா தாராளமா வாங்குங்க. எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் ஓடின பிறகும் பணம் மிச்சம் இருக்கு, வண்டி மேல ஆசைன்னாலும் தப்பில்லை. ஆசைக்குச் செலவு பண்ணலாம், அதுக்குத் தேவைன்னு பேர் வைக்காதீங்க.

மத்தவங்க ஒரு சின்ன வேலை செய்யுங்க. போன வருஷக் காலண்டரை எடுத்து, நாலு பேருக்கு மேல ஒண்ணாப் பயணம் செஞ்ச நாட்களை எண்ணுங்க. பொங்கலுக்கு ஊர், குலதெய்வம் கோயில், ஒரு ஊட்டி ட்ரிப், ரெண்டு கல்யாணம். 15 நாள் வருமா? அந்த 15 நாளைக்கு ஒரு நாள் 5,000 ரூபாய்னு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தா வருஷத்துக்கு 75,000. மாசக் கணக்குல 6,250. நாம பார்த்த 21,900 வித்தியாசத்துல இதைக் கழிச்சாலும் மாசம் 15,000-க்கு மேல உங்க கையில நிக்கும்.

புக் பண்றதுக்கு முன்னாடி இந்த நாலையும் சரிபாருங்க:

1. இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கைக்கு வர்ற சம்பளத்துல கால் பங்குக்குள்ள வருதா?
2. லோன் 5 வருஷத்துக்குள்ள முடியுதா?
3. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம முன்பணம் கட்ட முடியுதா?
4. சேல்ஸ்மேன் காட்டின வண்டியை விட ஒரு சைஸ் சின்னதா, 5 ஸ்டார் வாங்கின வண்டியை டெஸ்ட் டிரைவ் பண்ணிப் பார்த்தீங்களா?

நாலுக்கும் "ஆமா"ன்னு வந்தா எந்த வண்டி வாங்கினாலும் நிம்மதியா ஓட்டலாம். ஒண்ணுக்கு "இல்லை"ன்னு வந்தாலும் டோக்கன் அமௌண்ட்டை ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. அந்த ஒரு மாசத்துல 45,200 ரூபாயைத் தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டுட்டு, மிச்சச் சம்பளத்துல வாழ்ந்து பாருங்க. முடியுதா முடியலையான்னு உங்க பேங்க் பேலன்ஸே சொல்லிடும்.

கார் வாங்கப் போற நண்பர் யாராவது இருந்தா, அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.