பெட்டிக்குள் பெட்டி: குடும்பப் பத்திரங்களைக் கணனியில் அடுக்கி வைப்போம்



பத்திரம் இல்லாத கஷ்டம் நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அதைக் காட்ட முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவர்களாயின. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, திருகோணமலைக் கரையோரத்தில் வீடுகளோடு பத்திரங்களும் போயின. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது.

ஆகவே பத்திரங்களைப் படம் பிடித்துக் கணனியிலும் வைப்போம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், அவசரத்துக்கு ஒன்றும் கைக்கு வராது. அதற்குத்தான் போல்டருக்குள் போல்டர்.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தாங்க. தோட்டத்துக்குள் பிரிவு, பிரிவுக்குள் லயம், லயத்துக்குள் காம்பிரா.  கணனியிலும் அதே முறைதான்.

செய்யும் விதம்:

1. பைல் எக்ஸ்புளோரரில் டொக்யுமென்ட்ஸ் பகுதியைத் திறக்கவும்.

2. வெற்றிடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, நியூ, பிறகு போல்டர் என்பதைத் தெரிவு செய்யவும். ‘நம் குடும்பம்’ என்று பெயரிட்டு என்டர் தட்டவும். தமிழிலேயே எழுதலாம்.

3. அதை இரண்டு தரம் தட்டித் திறக்கவும். உள்ளே வெறுமையாக இருக்கும். அங்கே அதே முறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு போல்டர்.

4. ஒவ்வொருவருடைய போல்டருக்குள்ளும் ‘பிறப்பத்தாட்சி’, ‘அடையாள அட்டை’, ‘சேமலாப நிதி’ என்று போல்டர்கள். அவ்வளவுதான்.

பெயரில் சாய்கோடு போட முடியாது. 5/3 என்பதை 5-3 என்று எழுதுங்க.

ஒன்றை மறக்க வேண்டாம். வெளிப் போல்டரை அழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே அழியும். அதேபோல, வெளிப் போல்டரைப் பென்டிரைவுக்குப் பிரதி எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கூடவே வரும். அந்தப் பென்டிரைவைத் திருகோணமலைப் பக்கம் குடியேறிய உறவுக்காரரிடம் கொடுங்க. அவர்களுடையதை நீங்க வாங்கி வையுங்க. ஒரு பக்கம் கடல் பொங்கினாலும், மறுபக்கம் மலை சரிந்தாலும் ஒரு பிரதி மிஞ்சும்.

படம் மூலப் பத்திரத்துக்குப் பதிலாகாது. ஆனாலும் அதிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும் இருந்தால், பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுப்பது லேசு.

வீட்டில் கணனி படித்த பிள்ளை இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து செய்து முடிப்போம்.