கேசட்டின் மறுபக்கம்

மும்பை மாதுங்காவில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்குக் கேசட் அட்டையின் உட்புறம்தான் விமர்சனப் பக்கம். புது ஆல்பம் வாங்கிய அன்று பென்சிலில் ஒரு வரி. ஒரு மாதம் கேட்ட பிறகு பேனாவில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனது அபூர்வம்.

1995இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா'வுக்குப் பென்சில் தீர்ப்பு: "அமர்க்களம்." பேனா: "ஒரு பாட்டுதான் தேறும்." 1996இல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் 'கலோனியல் கஸின்ஸ்' ஆல்பத்தில் வியாசராயரின் 'கிருஷ்ணா நீ பேகனே'யை ஆங்கில வரிகளோடு சேர்த்தபோது கொதித்தார். பேனா இறங்கிவந்தது: "ராகத்துக்குச் சேதமில்லை." அதே ஆண்டில் வந்த லக்கி அலியின் 'சுனோ' முதலில் "சோம்பல் குரல்", பிறகு "சோம்பல் அல்ல, நிதானம்."

இப்போது புதுப் பாடல்கள் கைபேசியில் வந்து குவிகின்றன. "பிடிக்காவிட்டால் அரை நிமிடத்தில் தள்ளிவிடுகிறேன்" என்று ஒப்புக்கொள்கிறார். "அன்று காசு கொடுத்தாயிற்றே என்று மறுபக்கத்தையும் கேட்பேன். என் அவசரம் எனக்கே புரிந்தது அதனால்தான்."

கருத்துகளுக்கு இன்றும் குறைவில்லை. எல்லாம் பென்சிலோடு நின்றுவிடுகின்றன.